மேல்முறையீடு யாரிடம்?

விதிமுறைகளையும் ஒரு பிரதியாக வாசிக்க வேண்டும். அவற்றின் எழுவாய் எங்கே மறைகிறது என்று பார்க்க வேண்டும்.

உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை மேம்படுத்தப் பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் வெளியிட்ட விதிமுறைகள், பாகுபாட்டை ஒளிவுமறைவின்றி வருணிக்கின்றன. வகுப்பில் சாதியைக் குத்திக்காட்டுவது, தனி இருக்கை ஒதுக்குவது, நூலகத்தில் வேறுபாடு காட்டுவது எல்லாம் அதில் உண்டு. இப்படி நேராகப் பேசும் அரசு ஆவணம் அரிது. ஆனால் தீர்வு என்று வந்ததும் குரல் தாழ்ந்துவிடுகிறது. சமவாய்ப்பு மையம் நிறுவனத்துக்குள்ளே. பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் அங்கே பணிபுரியும் மூத்த ஆசிரியர்தான். அவர் முடிவை ஏற்க முடியாவிட்டால் மேல்முறையீடு நிறுவனத் தலைவரிடம். தலைவர் மீதே புகார் என்றால்?

மூன்றே ஆண்டுகளில் இதே மானியக் குழு வேறு மாதிரி எழுதியது. பாலியல் துன்புறுத்தல் குறித்த 2015 விதிமுறைகளின்படி துணைவேந்தரோ பதிவாளரோ துறைத்தலைவரோ உள்ளகப் புகார்க் குழுவில் இருக்கக் கூடாது. வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட புகாரென்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்களும் அமர வேண்டும். ஆளை அழைத்து விசாரிக்கும் அதிகாரத்தை 2013ஆம் ஆண்டுச் சட்டமே தந்திருக்கிறது. (உறுப்பினர்களை நியமிப்பது நிர்வாகம்தான் என்பதால் அங்கேயும் எல்லாம் சரி என்று சொல்லமாட்டேன்.)

ஒன்றுக்குப் பல், மற்றொன்றுக்கு வெறும் ஈறு. ஏன்? ஒரு காரணம், பெண்கள் இயக்கம் நெடுங்காலம் விடாமல் போராடியது. இன்னொன்று நமக்குச் சங்கடமானது. 1997ஆம் ஆண்டின் விசாகா தீர்ப்புக்குப் பின்னால் ராஜஸ்தானின் பன்வாரி தேவி இருக்கிறார். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன குயவர் சமூகப் பெண். அவரைக் கூட்டு வல்லுறவு செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் ஊரின் ஆதிக்கச் சாதியினர். தீர்ப்பு தந்த நெறிமுறைகளில் பாலினம் தங்கியது, சாதி உதிர்ந்துபோனது. அதை நாம் போதுமான அளவு கேள்வி கேட்கவில்லை.

விளைவு, ஒரு தலித் மாணவிக்கு முன்னால் இரண்டு கதவுகள். “கோட்டாவில் வந்தவள்” என்றும் அவள் உடலைப் பற்றியும் ஒரே மூச்சில் ஒரே ஆள் பேசுகிறான். அந்த வாக்கியத்தை எங்கே வெட்டி, எந்தப் பாதியை எந்தக் குழுவிடம் கொடுப்பாள்?

ரோஹித் வெமுலாவின் தாய் ராதிகாவும், பாயல் தட்வியின் தாய் ஆபேதாவும் 2019இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, ஏழு வருடமாகக் காகிதத்தில் இருந்த 2012 விதிமுறைகளை நடைமுறைப்படுத்துங்கள் என்பது. பிள்ளைகளைப் பறிகொடுத்த இரு பெண்கள், அரசு தானே எழுதியதை அரசுக்கே வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது.

‘ஆலோசனை’ என்ற சொல்லோடு வரும் எந்தக் குழுவையும் இனி இப்படித்தான் வாசிக்கிறேன்: ஆலோசனையைக் கேட்காவிட்டால் யாருக்கு என்ன ஆகும் என்று எந்தப் பத்தியில் எழுதியிருக்கிறது? 2015இல் பதவியிலிருப்போரை வெளியே நிறுத்திய அந்த ஒரு வரியைச் சாதிப் புகார்களை விசாரிக்கும் இடத்துக்கும் கொண்டுபோக வேண்டும். இரண்டு குழுக்களும் ஒரே மேசையில் அமர்ந்து, அவள் சொல்வதை ஒரே தடவையில் முழுதாகக் கேட்க வேண்டும்.