ஞாயிற்றுக்கிழமைச் சாலைக்கு ஓர் எம்ஜிபி

அம்பாசிடரைப் பிரித்துப் பூட்டிப் பழகிய மெக்கானிக் ஒருவர் எம்ஜிபி காரின் பானெட்டைத் திறந்தால், உள்ளே தெரிந்த முகம் ஒன்றைப் பார்ப்பார். அம்பாசிடரில் ஓடிய 1489 சிசி பெட்ரோல் என்ஜினும், 1962-ல் இங்கிலாந்தின் அபிங்டனில் உற்பத்திக்கு வந்த எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் 1798 சிசி என்ஜினும் ஒரே குடும்பம். பிஎம்சி நிறுவனத்தின் ‘பி சீரிஸ்’ என்ஜின்கள் அவை. வார்ப்பிரும்பு பிளாக், நான்கு சிலிண்டர், புஷ்ராடு வால்வுகள் என எளிமையான கட்டமைப்பு. கல்யாண வீட்டுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் ஆளேற்றிச் சென்ற அந்த என்ஜினின் தம்பி, இரட்டை எஸ்யூ கார்புரேட்டரோடு சுமார் 95 குதிரைத்திறன் தந்து, பிரிட்டனின் கிராமத்துச் சாலைகளில் இன்றும் வார இறுதிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட அதற்குப் பன்னிரண்டு வினாடி அளவில் ஆகும். இன்றைய சாதாரணக் குடும்பக் காரே அதை முந்திவிடும். அப்படியிருந்தும், வாரத்தில் ஒரு நாள் ஆசைக்கு ஓட்ட ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்பவருக்கு முதலில் காட்ட வேண்டிய கார் இதுதான். பிரிட்டனின் இருவழிச் சாலைகளில் பொதுவான வேக வரம்பு 60 மைல், அதாவது சுமார் 96 கி.மீ. அந்த வரம்புக்குள்ளேயே எம்ஜிபி தன் முழுத் திறமையையும் காட்டிவிடுகிறது. இருக்கை தரையை ஒட்டியிருப்பதால் 40 மைல் வேகமே 60 போலத் தோன்றும். பவர் உதவி இல்லாத ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங், சாலையின் ஒவ்வொரு நெளிவையும் உள்ளங்கைக்குச் சொல்கிறது. கியர் குச்சி குட்டையானது. ஒவ்வொரு கியரும் அழுத்தமாகப் போய் உட்காரும். கீழ்ச்சுற்றிலேயே இழுவை இருப்பதால், வளைவுக்கு வளைவு கியரை மாற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை. மூன்றாவதில் வைத்துக்கொண்டே ஒரு மலைப்பாதையை ஏறி இறங்கிவிடலாம்.

காலை நேரக் குளிரில் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். சோக்கை இழுத்துவிட்டு ஸ்டார்ட் செய்து, என்ஜின் சூடேற ஏற மெல்ல மெல்ல உள்ளே தள்ள வேண்டும். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் என்பதால் பள்ளத்தில் விழுந்தால் இடுப்புக்குத் தெரியும். முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக் உண்டு. ஆனால் பூஸ்டர் இல்லாத கார்களில் பெடலை நன்றாக ஊன்றி மிதிக்க வேண்டும். சிறிது தூரம் போனதும் கால் அதற்குப் பழகிவிடும்.

கூடுதல் சக்தி இந்தக் காருக்கு நன்மை செய்யுமா என்பதை அதே நிறுவனமே சோதித்துப் பார்த்தது. 1967-ல் 2912 சிசி ஆறு சிலிண்டர் என்ஜினை வைத்து எம்ஜிசி என்று வெளியிட்டார்கள். மூக்கில் பாரம் ஏறியது. வளைவில் கார் திரும்ப மறுத்து நேரே போகப் பார்த்தது. அன்றைய மோட்டார் பத்திரிகைகள் கடிந்துகொண்டன. இரண்டே ஆண்டுகளில், 1969-ல், உற்பத்தி நின்றது. நான்கு சிலிண்டர் எம்ஜிபியோ 1980 வரை வெளிவந்து, ஐந்து லட்சத்தைத் தாண்டியது.

அந்த எண்ணிக்கைதான் இன்று வாங்குபவருக்குப் பெரிய துணை. தேய்ந்துபோகும் பாகங்கள் அனைத்தும் புதிதாகக் கிடைக்கின்றன. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988-ல் பழைய அச்சுகளைத் தேடியெடுத்து, எம்ஜிபியின் முழு உடலையே புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. நின்றுபோன ஒரு காருக்கு இப்படியொரு வாய்ப்பு கிடைப்பது மிக அரிது.

இருந்தாலும் உடலை மாற்றுவது பெருஞ்செலவு. அதனால் விற்பவர் பானெட்டைத் திறந்து என்ஜினைக் காட்ட ஆசைப்படும்போது, வாங்குபவர் முதலில் கதவருகே மண்டியிட வேண்டும். இதற்கு முந்தைய எம்ஜிஏ காருக்குத் தனிச் சேசிஸ் இருந்தது. எம்ஜிபிக்கு அது கிடையாது, உடலே எலும்புக்கூடு. அதிலும் கூரையில்லாத ரோட்ஸ்டரில், கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற அடித்தகடுகள்தான் காரை வளையாமல் நிறுத்துகின்றன. ஈரத்தையும் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பையும் குடித்து, அவை உள்ளிருந்தே துருவேறும். வெளியே பளபளவென்று புதுத் தகட்டை ஒட்டிப் பெயிண்ட் அடித்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

காந்தத்தைத் துணியில் சுற்றி அடித்தகடு நெடுகிலும் நகர்த்திப் பார்ப்பது நல்லது. பட்டி போட்டு நிரப்பிய இடத்தில் அது ஒட்டாது. அடுத்து, கதவுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கியபின் கதவு இறுகினாலோ திறக்க மறுத்தாலோ, அடித்தகடு தன் வேலையைச் செய்யவில்லை. அந்தக் காரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் பேட்டரிப் பெட்டிகளையும் திறந்து பார்க்க வேண்டும். துரு அங்கேயும் விரும்பிக் குடியேறும். இவற்றோடு ஒப்பிட்டால் என்ஜினின் புகையும் எண்ணெய்க் கசிவும் சின்ன விஷயங்கள். முன் சக்கரங்களின் கிங் பின்களுக்கு உரிய காலத்தில் கிரீஸ் அடித்து வந்தார்களா என்று கேட்டாலே, கார் எப்படிப்பட்ட கையில் இருந்தது என்பது புரிந்துவிடும்.

எந்த ஆண்டின் கார்? 1964 வரையிலான என்ஜின்களில் கிராங்க் ஷாஃப்டைத் தாங்க மூன்று பேரிங்குகளே இருந்தன, பிறகு ஐந்தாயின. 1967-ன் பிற்பகுதியில் வந்த இரண்டாம் வடிவத்தில் முதல் கியருக்கும் சிங்க்ரோமெஷ் கிடைத்தது, டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. 1974-ல் அமெரிக்க விதிகளுக்காகக் குரோம் பம்பரை எடுத்துவிட்டுக் கறுப்பு ரப்பர் பம்பரை மாட்டினார்கள். முகப்பு விளக்கின் உயரம் போதாமல் காரையே உயர்த்தினார்கள். வளைவில் சாய்வும் கூடிற்று. ரப்பர் பம்பர் கார் மலிவாகக் கிடைப்பதற்கு அதுவே காரணம். ஆகவே ஓட்டுவதற்கென்று வாங்குபவருக்கு 1968-லிருந்து 1974-ன் நடுப்பகுதி வரையிலான கார்களே ஏற்றவை.

போட்டிக்கு வேறு கார்களும் உண்டு. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் இதைவிட எளிது. முன்பக்க உடல் முழுவதும் பானெட்டோடு சேர்ந்து தூக்கிக்கொள்வதால், டயர்மேலேயே உட்கார்ந்து என்ஜின் வேலை பார்க்கலாம். மதராஸில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு அறிந்தவர்களுக்கு இது தெரிந்த வசதிதான். ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கித்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். ஆனால் தொடக்ககாலக் கார்களில், வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின் சக்கரங்கள் உள்வாங்கிக் கார் சுழலப் பார்க்கும். 1970-ல் வந்த நான்காம் வடிவத்தில்தான் அது பெரிதும் அடங்கியது. டிரையம்ஃப் டிஆர்6-ன் ஆறு சிலிண்டர் ஓசை மயக்கும். அதன் லூகாஸ் மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷனைச் சரிசெய்ய விவரம் தெரிந்த கை வேண்டும்.

கையில் கரி படாமல் ஓட்ட மட்டுமே விரும்புபவருக்கு 1989-ல் அறிமுகமான முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. சுமார் 950 கிலோ எடை, 1.6 லிட்டர் இரட்டை கேம் ஷாஃப்ட் என்ஜின், மழையிலும் உடனே ஸ்டார்ட் ஆகும் ஒழுங்கு. அதற்கும் பின் சக்கரத்துக்கு முன்னுள்ள அடித்தகடு துருப்பிடிக்கும். எல்லா வகையிலும் அது மேலான கார்தான். ஆனால் பழைய காருடன் சனிக்கிழமை மதியம் ஒன்றைக் கழிக்க ஆசைப்படுபவருக்கு, கார்புரேட்டர் இரண்டையும் ஒத்திசைத்து முடித்ததும் ஐட்லிங் சீராகும் அந்த நிமிடத்தை எம்எக்ஸ்-5 தராது.

பிரிட்டனில் 40 வயதைக் கடந்த கார்களுக்குச் சாலை வரி இல்லை. பெரிய மாற்றம் செய்யாதவற்றுக்கு ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. சோதனைக்கு விருப்பத்தின்பேரில் கொண்டுபோவதே பாதுகாப்பு. 2021 முதல் அங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் குழாய்களை அது அரிக்கும் என்பதால், வாங்கியதும் எரிபொருள் குழாய்களை மாற்றிவிட வேண்டும்.

கூரை திறந்த ரோட்ஸ்டருக்குத்தான் கேட்பவர்கள் அதிகம். ஆனால் 1965-ல் பினின்ஃபரினாவின் கைவண்ணத்தில் வந்த ஜிடி வடிவம், நிரந்தரக் கூரையால் உடல் விறைப்பாகவும், மழைக்கு அடக்கமாகவும், பெரும்பாலும் விலையில் குறைவாகவும் இருக்கிறது. நல்ல அடித்தகடோடு, லேகாக் ஓவர்டிரைவ் பொருத்திய ஒரு ஜிடி கிடைத்தால் தயங்க வேண்டாம். ஓட்டிப் பார்க்கும்போது நான்காவது கியரில் 50 மைல் வேகத்தில் ஓவர்டிரைவ் சுவிட்சைத் தட்ட வேண்டும். என்ஜின் சுற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உடனே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். பல சமயம் பழுது ஒயரிலோ சுவிட்சிலோதான் இருக்கும்.