பேசும்படத்துத் துப்பாக்கியும் சோதனை வாயிலும்

திரு. ராதாமோகன் இயக்கத்தில் 2011-ஆம் ஆண்டு வெளிவந்த “பயணம்” என்னும் பேசும்படத்தைப் பற்றி இத்தனை காலங்கழித்து எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். படம் பழையதாயினும் அதைக் காட்டிச் செய்யப்படும் வாதம் பழையதாகவில்லை. விமானத்துக்குள் ஆயுதந் தாங்கிய காவலரை ஏற்ற வேண்டும், விமானியின் இடுப்பிலும் ஒரு துப்பாக்கி இருக்க வேண்டும் என்று பேசுகிற நம் அன்பர்கள், பேச்சின் முடிவில் இந்தப் படத்தின் கடைசிக் காட்சியையே சான்றாக நீட்டுகிறார்கள். கதை சான்றாக வந்து நின்றுவிட்டபடியால் அதைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியதாயிற்று.

சென்னையிலிருந்து டில்லிக்குச் செல்லும் விமானம் கடத்தப்படுகிறது. இயந்திரக் கோளாறால் திருப்பதியில் இறங்குகிறது. சிறையிலுள்ள தங்கள் தலைவனை விடச் சொல்கிறார்கள் கடத்தியவர்கள். அந்தத் தலைவனோ வழியில் இறந்துபோக, அவனைப் போன்ற முகமுள்ள ஒருவனை வேஷமிட்டு அனுப்ப நேரிடுகிறது. இறுதியில் கமாண்டோப் படை பாய்கிறது. கதைக்கட்டு செவ்வையானதே. அதனினும் மேலானது, பிரயாணிகளுக்கிடையே ஒரு நட்சத்திர நடிகரை உட்கார வைத்ததுதான். திரையில் நூறு பேரை அடித்து வீழ்த்தும் அவர் மெய்யான துப்பாக்கியைக் கண்டதும் ஒடுங்கிப்போகிறார். கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்யும் நாட்டில் இப்படி ஒரு பாத்திரத்தை எழுதத் துணிவு வேண்டும். இதற்காகவே இயக்குநரை நாம் மனமாரப் பாராட்டுவோம்.

ஆனால் படத்தின் கவனமெல்லாம் துப்பாக்கி வெளிப்பட்ட பிறகு நடப்பதிலேயே தங்கிவிட்டது. அதன் அச்சமும் நகைச்சுவையும் வீரமும் அங்கேதான் விளைகின்றன. துப்பாக்கி ஏணிப்படி ஏறிய கதை பின்னால் ஒதுங்கிவிடுகிறது. பார்ப்போர் மனத்திலும் கடத்தல் என்றாலே கமாண்டோப் படையின் வெற்றி என்பதாக ஒரு சித்திரம் பதிந்துவிடுகிறது.

பினாங்கில் இருப்போர்க்கு அந்தச் சித்திரம் பொருந்துவதில்லை. 1977-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து மலேசிய விமான நிறுவனத்தின் போயிங் 737 ஒன்று கோலாலம்பூருக்குப் புறப்பட்டது. பிரயாணிகள் 93 பேர், ஊழியர் 7 பேர். கோலாலம்பூரை நெருங்குகையில் விமானம் கடத்தப்பட்டதாக விமானி தெரிவித்தார். விமானம் சிங்கப்பூரை நோக்கித் திரும்பியது. ஒரு மணி நேரத்துக்குள் ஜொகூரின் தஞ்சோங் குப்பாங்கில் விழுந்து நொறுங்கியது. நூறு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. விவசாய மந்திரி அலி ஹாஜி அகமதும் அதில் மாண்டார். உடல்களை இன்னார் என்று பிரித்தறிய இயலாமையால் ஜொகூர் பாருவில் ஒன்றாக அடக்கம் செய்தார்கள். விமானிகள் சுடப்பட்டிருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. சுட்டவர் யார், துப்பாக்கி எவ்வாறு உள்ளே வந்தது என்பவை இன்றளவும் தீராத கேள்விகளாகவே இருக்கின்றன. அங்கே பேரம் பேச நேரமில்லை, பாய்வதற்குப் படையும் இல்லை, திருப்பதியும் இல்லை.

1991 மார்ச்சில் கோலாலம்பூரிலிருந்து சென்ற சிங்கப்பூர் விமானத்தைக் கடத்திய நால்வரையும் கமாண்டோக்கள் கொன்று, பிரயாணிகள் அனைவரையும் மீட்டது மெய்தான். அதை மறைப்பது நேர்மையன்று. ஆனால் அந்த விமானம் முதலில் சாங்கியில் பத்திரமாக இறங்கியது என்பதை அன்பர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நிற்க. விமானிக்கே துப்பாக்கி கொடுத்தால் என்ன என்பது அவர்களுடைய அடுத்த கேள்வி. அமெரிக்க சர்க்கார் 2002-இல் அதற்குச் சட்டமே செய்தது. 2008 மார்ச்சில், இறங்கப்போகும் விமானமொன்றில், அவ்வாறு கொடுக்கப்பட்ட துப்பாக்கி விமானிகளின் அறையிலேயே தவறி வெடித்து விமானத்தின் சுவரைத் துளைத்தது. நல்ல வேளையாக எவருக்கும் சேதமில்லை. 2001-க்குப் பின் விமானிகளின் அறைக்கு உடைக்க முடியாத கதவு போட்டார்கள். அது வேண்டியதுதான், ஆனால் 2015 மார்ச்சில் ஜெர்மன் விமானமொன்றின் துணை விமானி, தலைமை விமானியை வெளியே விட்டு அதே கதவைத் தாழிட்டுக்கொண்டு 150 பேரை ஆல்ப்ஸ் மலையில் மோதவிட்டார். மறுபுறத்தில், 1971-இல் இந்தியாவின் “கங்கா” விமானத்தை லாகூருக்குக் கொண்டுபோக ஒரு பொம்மைத் துப்பாக்கியும் மரத்தாலான வெடிகுண்டுமே போதுமாயிருந்தன. 1978-இல் இந்திரா அம்மையாரின் விடுதலை கேட்டு விமானத்தைக் கடத்திய இருவரிடமும் விளையாட்டுத் துப்பாக்கிதான் இருந்தது. (அவர்கள் இருவரும் பின்னர் உத்தரப் பிரதேச சட்டசபையில் உறுப்பினராக வீற்றிருந்தனர் என்பதையும் சொல்லி வைக்கிறோம்.)

நம் உள்ளத்தை எல்லாவற்றினும் உறுத்துவது வேறொரு நிகழ்ச்சி. 1987 டிசம்பர் 7-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சான் பிரான்சிஸ்கோ சென்ற விமானத்தில், திருட்டுக் குற்றத்துக்காக வேலையிழந்த ஊழியன் ஒருவன் கைத்துப்பாக்கியோடு ஏறி, தன்னை நீக்கிய அதிகாரியையும் விமானிகளையும் சுட்டான். 43 பேரும் மாண்டனர். அவன் பலகணி வழியாக ஏறவில்லை. கம்பெனி திரும்ப வாங்காமல் விட்ட ஊழியர் சீட்டைக் காட்டி, சோதனையில்லாமல், வாயில் வழியாகவே கௌரவமாக நடந்து போனான். அதன் பிறகுதான் ஊழியர்களையும் சோதிக்க வேண்டும் என்ற புத்தி வந்தது.

ஆகவே, சோதனை வாயிலில் விலக்கு எவனுக்குக் கிடைக்கிறதோ அவன் வழியாகவே ஆயுதம் ஏறும் என்கிறோம். எல்லோரையும் சோதித்து ஒருவரை விடுவது, சுவரெழுப்பி ஒரு கதவைத் திறந்து வைப்பதாகும். இந்திய விமான நிலையங்களுக்குச் சென்றவர்கள், சோதனைக்கு விலக்குப் பெற்றோர் பட்டியலைக் கண்டிருப்பார்கள்: ஜனாதிபதி, கவர்னர்கள், முதல் மந்திரிகள், நீதிபதிகள் என்று நீளும் வரிசை அது. பிறப்பால் உயர்வு தாழ்வு கூடாதென்று முழங்கியவர்கள், பதவியால் தீட்டுப்படாத உடம்பு ஒன்றை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். தோட்டத்துக் கணக்கு மேசையில் காலந்தள்ளும் நமக்கு இது புதிதன்று. மாலையில் வாயிற்காவலன் திறந்து பார்ப்பது தொழிலாளியின் சாப்பாட்டுத் தூக்கை. மானேஜரின் மோட்டாருக்கு அவன் செய்வது சலாம்.

2009 ஏப்ரலில் டில்லி நிலையத்தில், அமெரிக்கா செல்லும் விமானத்தில் ஏறுமுன், முன்னாள் ஜனாதிபதி அப்துல் கலாமை அமெரிக்கக் கம்பெனி ஊழியர்கள் மற்றப் பிரயாணிகளைப் போலவே சோதித்தார்கள். அவர் பெயரும் விலக்குப் பட்டியலில் அடங்கியதே. அந்த ஜூலையில் பாராளுமன்றமே கொதித்தது. நாட்டுக்கு அவமானம் என்றார்கள். கம்பெனி மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. சோதிக்கப்பட்டவரோ அவ்விடத்தில் ஒரு வார்த்தை மறுத்துரைக்காமல் நின்றுவிட்டுப் போயிருந்தார். இராமேசுவரத்துப் படகுக்காரர் மகனுக்கு விளங்கிய நியாயம் சபையில் கூச்சலிட்டவர்களுக்கு விளங்கவில்லை.

“பயணம்” படத்தில் நடிகரையும் சாதாரணப் பிரயாணியையும் ஒரே அச்சத்தில் உட்கார வைத்துச் சமமாக்கியது துப்பாக்கி. அந்த வேலையை அதற்கு முன்பே ஒரு மேசையும் ஒரு காவலனும் செய்திருக்கக் கூடாதா என்று கேட்கும் கதை இனிமேல்தான் எழுதப்பட வேண்டும். எழுதப் புகுவோர் திருப்பதியை விட்டுவிடலாம். டில்லியில், எழுபத்தேழு வயதில், வரிசையில் நின்ற அம்முதியவரிடமிருந்து தொடங்கலாம்.