மேடையில் ஒருவர் மட்டும் பேசும்போது

நாடக வகுப்பில் மாணவர் தனியாக நின்று நடித்துக் காட்டுவதை மதிப்பிட அமர்பவர்கள், குரல் எவ்வளவு உயர்ந்தது, கண்ணீர் வந்ததா என்பவற்றையே அளவுகோலாகக் கொள்வது வழக்கமெனினும், அவை நடிப்பின் குறைகளை மறைக்கவே பெரிதும் உதவுகின்றன. தனிநடிப்பிலும் கேட்பவர் ஒருவர் உண்டு; அவர் யார், பேசுபவர் அவரிடமிருந்து எதைப் பெற விழைகிறார் என்பது புலப்படுகிறதா என்றே முதலில் பார்க்க வேண்டும்.

அந்தோன் செகாவ் 1886இல் எழுதி, பின்னர் பலமுறை திருத்தி, 1902இல் இறுதி வடிவம் தந்த புகையிலையின் தீங்கு பற்றிய ஓரங்க நாடகம் இதற்குத் தக்க சான்றாகும். மனைவி நடத்தும் இசைப்பள்ளியிலும் பெண்கள் விடுதிப்பள்ளியிலும் ஏவலாள்போல் காலந்தள்ளும் நியூகின், அவள் கட்டளைப்படி ஊர் மன்றமொன்றில் சொற்பொழிவாற்ற வருகிறார். தாமும் புகைபிடிப்பவர் என்பதை மறைக்காத அவருடைய பேச்சு, தலைப்பிலிருந்து வழுவி வழுவித் தம் வாழ்வின் துயரத்தில் போய் நிற்கிறது. தொடக்கத்தில் அவையோருக்கு அறிவுரை கூறுபவர், நடுவில் அவர்களிடம் குறையைச் சொல்லிக்கொள்பவராகவும், முடிவில் தம்மைக் காட்டிக்கொடுக்க வேண்டாமென மன்றாடுபவராகவும் மாறுகிறார். இம்மூன்று நிலைகளையும் ஒரே அழுகுரலில் கடந்துவிடும் மாணவர், வசனம் முழுவதையும் பிழையின்றி ஒப்பித்தாலும் பாத்திரத்தைத் தொடவில்லை என்றே கொள்ள வேண்டும்.

தம் மகள்கள் எத்தனை பேர் என்பதில் நியூகின் தடுமாறும் இடம் நுட்பமானது. அவையைச் சிரிக்க வைப்பதற்காக மாணவர் அங்கே தடுமாறுவதுபோல் பாவனை செய்தால் சிரிப்பு மட்டுமே எஞ்சும். எண்ணிக்கையை உண்மையாகவே தேடினால், தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள், அதாவது உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் வகைகளுள், நகையும் அழுகையும் ஒருசேரத் தோன்றும். சொல்லுக்கு அடியில் ஓடும் எண்ணத்தை ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் நடிப்பு மரபினர் உட்பொருள் என்பர். அது வெளிப்படுவது பெரும்பாலும் இத்தகைய சிறு இடைவெளிகளில்தான். குரலுக்கு இத்தனை, உடல்மொழிக்கு இத்தனை என மதிப்பெண்ணைப் பங்கிடும் படிவத்தில் இதற்கென ஒரு கட்டம் இருப்பதில்லை.

இறுதிக்கட்டத்தில் நியூகின் தம் திருமணத்தின்போது அணிந்த பழைய கோட்டைக் கழற்றி எறிந்து மிதிக்கிறார்; பக்கத் திரையருகே மனைவி வந்து நிற்பதைக் கண்டதும் அதையே அணிந்துகொண்டு புகையிலைக்குத் திரும்புகிறார். அந்த அச்சம் அப்போது திடீரென முளைத்ததா, முதல் வசனத்திலிருந்தே மாணவரின் கழுத்திலும் கண்ணிலும் குடியிருந்ததா என்பதை மதிப்பிடுபவர் நினைவுகூர்ந்து பார்த்தல் நலம். கோட்டை மிதிக்கும் ஆவேசம் சிறிது பயிற்சியால் எவருக்கும் கைகூடும். ஆகவே, அதை மீண்டும் அணியும் செயலை நம்பும்படி செய்து காட்டுபவருக்கே கூடுதல் மதிப்பெண் உரியது.