எதற்குக் காத்திருக்கிறேன் என்று சொல்லாத நிரல்கள்

போன வாரம் ஒரு ராத்திரி முழுக்க வீணாப் போச்சு. பழைய பத்திரிகை உரைகளை ஆண்டுவாரியாகக் கோப்புகளாக்கி வைத்திருக்கிறேன். சொல் எண்ணிக்கை எடுக்க ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி, ஓட விட்டுட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் கர்சர் மினுக்கிக்கொண்டு அப்படியே நிக்குது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. டாப் போட்டுப் பார்த்தால் சிபியு 0. எஸ்ட்ரேஸ் வைத்துப் பார்த்தபோது கடைசி வரி ‘ரீட்(0,’ என்று பாதியில் நின்றது. 0 என்றால் ஸ்டாண்டர்ட் இன்புட். அதாவது, நான் ஏதாவது டைப் செய்வேன் என்று விடிய விடிய காத்திருந்திருக்கிறது!

காரணம் கோப்புப் பெயர். ஆங்கில எழுத்தில் ‘இயர்=1935.டெக்ஸ்ட்’ என்கிற மாதிரி பெயர் வைத்திருந்தேன். ஆக் நிரலிடம் இப்படி ஒரு பெயரைக் கொடுத்தால், அது கோப்பு என்று நினைக்காது. ‘இயர்’ என்ற மாறிக்கு மதிப்பு கொடுக்கிறோம் என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் கோப்பு எதுவும் மிச்சமில்லை. கோப்பு இல்லையென்றால் ஸ்டாண்டர்ட் இன்புட்டைப் படி, அதுதான் விதி. பெயருக்கு முன்னால் ‘./’ சேர்த்தால் சரியாகிவிடும். தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயம், தெரியாதவர்களுக்கு ஒரு ராத்திரி.

இந்த விதியையே குறை சொல்ல வரவில்லை. டக் மெக்கில்ராய் வலியுறுத்திவந்த பைப் என்ற யோசனையை 1973ல் கென் தாம்சன் யுனிக்ஸில் சேர்த்தார். கிரெப்பின் விடையை சார்ட்டுக்கும், அதன் விடையை டபிள்யூசிக்கும் ஒரே வரியில் தள்ளிவிட முடிகிறது என்றால் இந்த விதியால்தான். என் தினசரிப் பிழைப்பே அதில்தான் ஓடுது. என் புகார் அதன் மௌனத்தைப் பற்றி. எதிரே பைப் இல்லாமல் விசைப்பலகை இருப்பது நிரலுக்குத் தெரியும். ஐஸாட்டி என்ற ஒரே ஒரு அழைப்பு போதும். தெரிந்தும் வாயைத் திறப்பதில்லை.

மௌனம்தான் யுனிக்ஸின் அழகு என்று வாதிடுபவர்கள் உண்டு. வெளியீட்டில் தேவையில்லாத பேச்சு கலந்தால் அடுத்த நிரல் குழம்பும், சரிதான். ஆனால் ஸ்டாண்டர்ட் எரர் என்று தனி வழி எதற்கு இருக்கிறது? களஞ்சியத்துக்கு வெளியே டெர்மினலில் ‘கிட் ஷார்ட்லாக்’ அடித்துப் பாருங்க. ஸ்டாண்டர்ட் இன்புட்டிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன் என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரி சொல்லிவிட்டுக் காத்திருக்கும். அதனால் எந்த பைப்பும் உடையவில்லை.

அதே ஷார்ட்லாக்கிடம் எனக்குப் பிடிக்காத குணமும் ஒன்று உண்டு. களஞ்சியத்துக்குள் டெர்மினலில் அடித்தால் வரலாற்றைத் தொகுத்துத் தரும். அதே கட்டளையை டெர்மினல் இல்லாத ஸ்கிரிப்டில் வைத்தால் களஞ்சியத்தை விட்டுவிட்டு ஸ்டாண்டர்ட் இன்புட்டைப் படிக்கப் போய்விடும். எதிரே யார் என்று பார்த்துப் பேசுவது வேறு, ஆளைப் பார்த்து வேலையையே மாற்றுவது வேறு. நான் கேட்பது முதலாவதை மட்டும்.

பேஷ் பக்கமும் தப்பு இருக்கு. கோப்புப் பெயர் வைத்திருக்கும் மாறி காலியாக இருந்து, அதை மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால், அந்தச் சொல்லே காணாமல் போய்விடும். கிரெப் காத்திருக்க ஆரம்பிக்கும். மேற்கோள் குறி போட்டிருந்தால் அப்படி ஒரு கோப்பு இல்லை என்று உடனே கத்தும். நல்கிளாப் என்ற அமைப்பைப் போட்டு வைத்தாலும் இதே கதைதான்: நட்சத்திரக் குறிக்கு ஒரு கோப்பும் பொருந்தாவிட்டால் மிஞ்சுவது வெறும் டபிள்யூசி.

உண்மையில் தொங்கி நின்றது என் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்லணும். இதையே கிரானில் போட்டிருந்தால் உள்ளீடு காலி, உடனே முடிந்திருக்கும், எல்லா ஆண்டுக்கும் 0 சொற்கள் என்று அழகாக அட்டவணை வந்திருக்கும். தொங்கும் நிரலையாவது கண்டுபிடிக்கலாம். அட்டவணைக்குள் போய் உட்கார்ந்துவிட்ட பொய்ப் பூஜ்யத்தை யார் தேடுவார்கள்? அதனால் ‘உள்ளீட்டை டெவ்-நல்லுக்குத் திருப்பிவிடு, தொங்காது’ என்கிற வழக்கமான அறிவுரையை நான் பாதிதான் ஏற்கிறேன்.

இப்போது என் ஸ்கிரிப்டில் கோப்பை ஆக்குக்குப் பெயராகக் கொடுப்பதில்லை. ‘<’ குறி போட்டு ஷெல்லையே திறக்கச் சொல்கிறேன். பெயரில் சமக்குறி இருந்தாலும் கவலையில்லை. மாறி காலியாக இருந்தால் ஷெல்லே பிழை சொல்லி நிறுத்திவிடும். ஒரே நஷ்டம், எந்தக் கோப்பைப் படிக்கிறோம் என்பது ஆக்குக்குத் தெரியாமல் போகும். ஆண்டைத் தனியாக ஒரு மாறியில் அனுப்பவேண்டியிருக்கிறது. ராத்திரி மறுபடி ஓட்டினேன், நாலு நிமிஷத்தில் முடிஞ்சுது.