கத்துகிற பெட்டியும் குண்டனும்

குளுக்கோமீட்டரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எவ்வளவு ரத்தம் வேண்டும், எத்தனை நொடியில் எண் வரும், எத்தனை அளவுகளை நினைவில் வைத்திருக்கும் என்பதெல்லாம் அட்டைப்பெட்டியின் மேலேயே அச்சாகியிருக்கிறது. அட்டைப்பெட்டியில் இல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். அது கத்தும்.

ஸ்ட்ரிப்பைச் சொருகினால் ஒரு கீச். ரத்தம் ஏறினால் ஒரு கீச். ஐந்து நொடி கழித்து எண் வரும்போது நீளமாக ஒரு கீச். ரத்தம் போதாவிட்டால் அடுத்தடுத்து இரண்டு கீச், திரையில் ஒரு பிழைக் குறி, ஒரு ஸ்ட்ரிப் குப்பைக்கு. பார்வை மங்கிய பெரியவர்களுக்கு இந்தச் சத்தம் உதவிதான். ஆனால் எங்கள் வீட்டு நோயாளிக்குப் பார்வையும் மங்கவில்லை, காதும் மங்கவில்லை. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பூனைக் காதுக்கு 64,000 வரை எட்டும்.

நோயாளியின் பெயர் குண்டன். வயது 11, காயடித்த கடுவன். கம்பம்மெட்டுச் செக்போஸ்டிலிருந்து கேரளப் பக்கம் கொஞ்சம் இறங்கினால், ஏலத்தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. பெயருக்கேற்ற உடம்போடு இருந்தவன் வைகாசியில் இளைக்கத் தொடங்கினான். அண்டாத் தண்ணீரையே குடித்துத் தீர்ப்பவன்போல் குடித்தான். பின்னங்கால் குதியைத் தரையில் பதித்து முயல்போல் நடந்தான். அவன் சிறுநீர் கழித்த மூலையில் எறும்பு மொய்த்தது. எங்கள் அம்மாச்சி இருந்திருந்தால் அதைப் பார்த்ததும் சர்க்கரைதான், சோதனையே வேண்டாம் என்றிருப்பாள்.

மலைப்பாதையில் கூடைக்குள் கதறிக்கொண்டே அடிவாரத்துக் கம்பம் ஊருக்கு வந்தவனுக்கு அங்கே அளந்தபோது சர்க்கரை 412. கால்நடை மருத்துவர் அந்த எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “சார், வண்டியில வந்த பயமே பூனைக்குச் சர்க்கரையைத் தூக்கிவிட்டுரும். நோய் இருக்கு, அதுல சந்தேகமில்ல. ஆனா மருந்து அளவை இந்த நம்பரை வச்சு முடிவு பண்ண முடியாது. வீட்ல வச்சுப் பாருங்க” என்றார். நோயில்லாத பூனைக்கே மிரட்சியில் 300-ஐத் தாண்டுவதுண்டாம். ஆக, நான் கருவி வாங்கியதே பயம் கலக்காத எண்ணுக்காக.

ஆனி மாதம் வாங்கினேன். நல்ல பெயருள்ள கம்பெனி, அந்தப் பெயர் இங்கே வேண்டாம். மூன்றாம் நாளே குண்டன் பாடம் படித்துவிட்டான். முதல் கீச் வந்தால் அடுத்து காதில் ஊசி. ஸ்ட்ரிப்பைச் சொருகியதும் கட்டிலுக்கடியில் ஓடினான், அங்கிருந்து இழுத்தால் பீரோவின் மேலே, அங்கும் துரத்தினால் ஏலத்தட்டைகளுக்கு நடுவே. மருத்துவர் இரண்டு மணிக்கொரு முறை நாள் முழுக்க அளந்து எழுதச் சொல்லியிருந்தார். காலை எட்டு மணிக்கு 291. பத்துக்கு 240. மருந்து வேலை செய்கிறதென்று மகிழ்ந்தேன். பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிடம் துரத்திப் பிடித்து அளந்தால் 318. இறங்கவேண்டிய நேரத்தில் ஏறியிருக்கிறது. இன்சுலினா, சோறா என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். இரண்டுமில்லை, பெட்டி கத்தியதுதான் காரணம். பயம் கலக்காத எண்ணுக்காக வாங்கிய கருவி, பயத்தையும் சேர்த்து அளந்து தந்துகொண்டிருந்தது.

சத்தத்தை நிறுத்த வழியுண்டா என்று கையேட்டை மூன்று முறை புரட்டினேன். தேதியை மாற்ற இரண்டு பக்கம், பேட்டரியை மாற்ற ஒரு பக்கம். வாயை மூடவைக்க ஒரு வரிகூட இல்லை. கம்பெனிக்குப் போன் செய்தேன். “அது ஒரு வசதி சார்” என்றார்கள். பின்பக்க ஓட்டையில் பிளாஸ்திரி ஒட்டினேன். கீச் என்றது கூச் என்றானது. துண்டில் சுற்றினேன், எண் தெரியவில்லை. பக்கத்து வீட்டுச் சேச்சி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் “பூச்சைக்கும் ஷுகரோ?” என்று சிரித்தவர், இப்போது “அது வாயில்லா ஜீவன், இதுக்கு எதுக்கு இத்தனை வாய்?” என்று நியாயம் கேட்டார்.

இதில் எனக்கு எரிச்சல் வரக் காரணம் இருக்கிறது. இந்தக் கருவியின் மூதாதை வீட்டுக்காகச் செய்யப்பட்டதே அல்ல. குடித்து மயங்கியவர் யார், சர்க்கரையால் மயங்கியவர் யார் என்று ஆஸ்பத்திரிகள் இரவில் பிரித்தறிய அமெரிக்காவில் செய்தார்கள். மூன்று ராத்தல் எடை, 650 டாலர் விலை, மருத்துவர்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் மட்டுமே விற்பனை. ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற பொறியாளர், தானே சர்க்கரை நோயாளி, 1969-இல் மருத்துவரான மனைவியின் பெயரில் ஒன்றை வாங்கித் தன் விரலில் தானே குத்திப் பார்த்துக்கொண்டார். சாமானியன் கையில் அந்தக் கருவி வந்தது அப்படித்தான். அதன்பின் எடை போயிற்று, விலை போயிற்று. யார் விரலில், யார் காதில், எந்த வீட்டில் என்ற கேள்விதான் இன்னும் வடிவமைப்பவர்களிடம் போய்ச்சேரவில்லை.

பூனைக்கென்றே செய்த கருவிகள் உண்டு, எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைப்பதில்லை. வித்தியாசம் வெறும் விளம்பரமல்ல. மனித ரத்தச் சர்க்கரையில் 42 சதவீதம் சிவப்பணுக்களில் இருக்கும், மீதி பிளாஸ்மாவில். பூனைக்கு அணுக்களில் 7 சதவீதம்தான், 93 சதவீதம் பிளாஸ்மாவில். அதனால் மனிதக் கருவி பூனையை அளக்கும்போது பெரும்பாலும் குறைத்துக் காட்டும். “நம்பரைப் பாக்காதீங்க, போக்கைப் பாருங்க” என்று மருத்துவர் சொன்னது அதனால்தான். தோலில் ஒட்டி 14 நாள் தானே அளக்கும் சென்சாரையும் முயன்றேன். சத்தமில்லை, ஊசியில்லை, போனைக் காட்டினால் எண் வந்துவிடும். ஐந்து நாள் சொர்க்கம். ஆறாம் நாள் குண்டன் ஏலக்காய்ச் சாக்கில் கழுத்தைத் தேய்த்து அதைப் பிய்த்தெறிந்தான். அந்த விலைக்கு அவனுக்கு மூன்று மாதத்துக்கு மத்தி வாங்கியிருக்கலாம்.

மீண்டும் பழைய பெட்டி. இந்த மலையில் அதற்கு இன்னும் இரண்டு எதிரிகள். ஒன்று குளிர். விடிகாலைப் பனியில் பூனைக் காது வாழையிலைபோல் சில்லிட்டுக் கிடக்கும், குத்தினால் ரத்தம் வராது. காலுறையில் அரிசியைப் போட்டுச் சூடாக்கி, காதில் இரண்டு நிமிடம் ஒத்தினால்தான் ஓரத்து ரத்தக்குழாய் எழும்பும். இன்னொன்று மழை. ஆடியில் துணி காயாத வீட்டில் ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்துவைத்தால் ஈரம் ஏறிவிடும், பிறகு வரும் எண்ணை நம்ப முடியாது.

இன்சுலினைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது. குண்டனுக்கு எழுதியது கிளார்ஜின், மில்லிக்கு 100 யூனிட். நம்மூரில் பலர் போட்டுக்கொள்ளும் குப்பி இன்சுலின் மில்லிக்கு 40 யூனிட். முன்னதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு, பின்னதற்குச் சிவப்பு மூடி. கம்பத்து மருந்துக்கடைத் தம்பி பில்லில் ‘குண்டன், 11’ என்று எழுதிவிட்டு, சின்னப் பையனென்று நினைத்துப் பரிதாபமாகப் பார்த்தான். பிறகு ‘எந்த மூடிண்ணே?’ என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு அவனுக்குக் கோடி புண்ணியம். 100 மருந்தைச் சிவப்பு மூடியில் இழுத்தால், ஒரு யூனிட் கோட்டில் நிற்பது இரண்டரை யூனிட். நாலு கிலோ உடம்பு அதைத் தாங்காது. எண் தாழ்ந்திருந்தாலோ, பூனை சாப்பிடாமல் துவண்டிருந்தாலோ ஊசி கூடாது. ஈறில் தேன் தடவிக்கொண்டே மருத்துவருக்குப் போன் செய்யவேண்டும்.

கத்தலுக்கு வருகிறேன். ஆவணியில் என் புத்தி வேலை செய்தது. பெட்டியின் வாயை மூட முடியாதென்றால், அது சொல்வதன் அர்த்தத்தை மாற்றலாம். ஒரு வாரம் காதில் குத்தும் ஊசியையே எடுக்கவில்லை. பயன்படுத்திய ஸ்ட்ரிப் ஒன்றைச் சொருகுவேன், பெட்டி பிழை என்று கத்தும், உடனே குண்டன் முன்னால் வேகவைத்த கோழியில் ஒரு விள்ளல். முதல் நாள் கட்டிலுக்கடியில் இருந்தபடியே மோந்து பார்த்தான். நாலாம் நாள் பாதி வெளியே வந்தான். எட்டாம் நாள் கீச் கேட்டு அடுப்படியிலிருந்து வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். பிறகு காதில் குத்தினேன். ஒருமுறை காதை உதறினான், கோழியைத் தின்றான். அன்று நடுப்பகல் எண் 176. மூன்று மாதத்தில் முதல்முறையாகச் சர்க்கரை வளைவு இறங்கவேண்டிய இடத்தில் இறங்கியது.

சென்ற வாரம் அடைமழையில் ஸ்ட்ரிப் தீர்ந்துவிட்டது. கம்பத்துக்கு இறங்க முடியவில்லை. சேச்சி தன் மாமனாரின் மீட்டரைக் கொடுத்தார். வேறு கம்பெனி, மூச்சுக் காட்டாத சாது. ஸ்ட்ரிப்பைச் சொருகினேன், ரத்தத்துக்குத் தயார் என்று திரையில் ஒரு துளி மட்டும் மினுங்கியது. குண்டன் சாக்கின் மேல் படுத்தபடி ஒரு கண்ணைத் திறந்தான், மூடிக்கொண்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், காதுகூட அசையவில்லை.

அலமாரியிலிருந்து பழைய பெட்டியை எடுத்து, பயன்படுத்திய ஸ்ட்ரிப்பைச் சொருகினேன். கீச், கீச். குண்டன் வந்து மடியில் உட்கார்ந்தான். சாதுவால் அளந்தேன்.