விலக்கும் விதியும் ஏற்கும் நெறியும்

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்தை அறியாத தமிழாசிரியர் இலர். ஆசிரியர், மாணாக்கர் இயல்புகளை வகுத்துரைக்கும் அப்பாயிரம், பாடம் சொல்லத் தகாதவர் இன்னார் என்றும் ஒரு பட்டியல் தருகிறது. கள்வனும் சினத்தனும் படிறனும் அதில் இடம்பெறுதல் வியப்பன்று. ஆனால், பிணியனும் மந்தனும் அவர்களோடு ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டுள்ளனர். ஒருவன் தானே செய்யும் குற்றமும், தேடாமல் வந்துற்ற குறையும் அங்கு ஒன்றாகவே எண்ணப்பட்டன.

கல்வி சிலர்க்கே உரியதாயிருந்த காலத்து நூல் அது என அமைதி கூறலாம். கல்வி அனைவர்க்கும் பொது என்ற இக்காலத்து விதிகளோ? மலேசியாவின் 1997ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிகள், ‘கற்பிக்கத்தக்க’ பிள்ளைகளுக்கே இடமளித்தன. பிறர் துணையின்றித் தன்னைப் பேணிக்கொள்ள வல்லது என்றும், தேசியக் கல்வித் திட்டத்தைப் பின்பற்ற இயலும் என்றும் மருத்துவரும் அதிகாரிகளும் அடங்கிய குழு உறுதிசெய்த பிள்ளையே அத்தகுதி பெற்றது. கடுமையான அறிவு வளர்ச்சிக் குறையுடைய பிள்ளை வெளியே நின்றது. மந்தன் என்னும் சொல் மறைந்தது; விலக்கு மறையவில்லை.

2008ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டம், குறையைக் காரணங்காட்டி எவரையும் பொதுக்கல்வியினின்று விலக்கலாகாது என்றது. மீறுவோர்க்குத் தண்டனை கூறாது விட்டது. முந்தைய விதிகளை அகற்றி வந்த 2013ஆம் ஆண்டு விதிகளும், சிறப்புக் கல்வியில் சேரும் பிள்ளைக்கு 3 மாதம் வரை தகுதிகாண் காலம் வகுத்தன. 2019இல், எப்பிள்ளையையும் திருப்பியனுப்பாக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. வாயில் திறந்தது நன்று. ஆயினும், தகுதி காணப்பட வேண்டியது பிள்ளைக்கா, பள்ளிக்கா என்னும் வினா எஞ்சுகிறது. சக்கர நாற்காலி ஏற இயலாத படிக்கட்டும், பயிற்சி பெறாத ஆசிரியரும் பிள்ளையின் குறைகளாகா.

இதற்கு விடை அதே பாயிரத்தில் உண்டு. கற்போன் எவ்வகையில் ஏற்பான் என்பதை அறிந்து, அவ்வகையிலேயே பயிற்றுதல் ஆசிரியன் கடன் என அது விதிக்கிறது. இந்நெறி முழுமையாகக் கைக்கொள்ளப்படின், மந்தனை விலக்கும் விதி நிற்க இடமில்லை.

ஆகவே, அப்பட்டியலைக் கற்பிக்கும் ஆசிரியர், பிணியன், மந்தன் என்னும் இரு சொற்களில் சற்றே நின்று, அவற்றை மாணாக்கரோடு ஆராய்தல் வேண்டும். அது நன்னூலைப் பழித்தலன்று. நன்னூலைக் கொண்டே நன்னூலைத் திருத்துதலாகும்.