பெரட்டும் ஊர்வலமும்

பேராக் தோட்டங்களில் வேலை செய்த பெரியவர்களிடம் 'அணிவகுப்பு' என்று சொன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள். 'பெரட்டு' என்றால் உடனே புரியும். விடியுமுன் ஆபீஸ் வாசலில் வரிசையாக நின்று கிராணியிடம் பேர் கொடுப்பதுதான் பெரட்டு. வெள்ளைக்காரனின் 'பரேட்' நம் வாயில் அப்படி ஆனது. பட்டாளத்துச் சொல் பால்மரக் காட்டுக்குப் பொருத்தமாகத்தான் வந்து சேர்ந்தது. இரண்டிலும் ஒருவர் நின்று பார்ப்பார், மற்றவர்கள் எண்ணப்படுவார்கள். "பெரட்டுக்குப் பிந்தினா அன்னிக்குப் பேரு இல்ல, சம்பளமும் இல்ல" என்பார் என் பாட்டி.

நான் வாசித்த தோட்டத்துக் கதைகள் பலவற்றில் பெரட்டு என்றால் துயரம், திருவிழா என்றால் கொண்டாட்டம். இந்தச் சுலபமான பிரிவினைதான் எனக்கு உறுத்துகிறது. மாரியம்மன் ரதம் லயத்து வாசல் ஒவ்வொன்றிலும் நின்று வரும், உண்மைதான். ஆனால் பாட்டியின் தோட்டத்தில் அது துரை பங்களா முன்னாலும் நின்றது. முதல் மாலை அவருக்குத்தான். சாமி ஊர்வலத்துக்குள்ளேயும் ஒரு பெரட்டு இருந்திருக்கிறது.

அதேபோல, வரிசையில் நிற்பது எப்போதுமே அடங்கி நிற்பதாக இருந்ததில்லை. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. இரண்டே வருடத்தில், 1943இல், சுபாஷ் சந்திர போஸ் தொடங்கிய ஜான்சி ராணிப் படையில் மலாயாத் தோட்டத்துப் பெண்களும் துப்பாக்கியோடு அணிவகுத்தார்கள். அங்கேயும் கட்டளை உண்டு, தலை எண்ணுவதும் உண்டு. ஆனால் தலை நிமிர்ந்து நில் என்று அவர்களுக்குச் சொன்ன வரிசை அது. படை தோற்றுப்போனது. திரும்பி வந்து மறுபடி பெரட்டில் நின்றபோது அந்தப் பெண்கள் எப்படி நின்றிருப்பார்கள்? நம் புனைவு இதை இன்னும் போதிய அளவு கேட்கவில்லை.

இன்று பல தோட்டங்கள் செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. சனங்கள் சிதறிவிட்டார்கள். தைப்பூசத்துக்கு ஈப்போவில் புந்தோங்கிலிருந்து கல்லுமலைக் கோயிலுக்குக் காவடிகள் போகும். பாட்டி காவடியைவிடக் கூட்டத்தைத்தான் அதிகம் பார்ப்பார். "நீ எந்தத் தோட்டம்மா?" என்று முன்பின் தெரியாதவரையும் நிறுத்திக் கேட்பார். யார் இருக்கிறார், யார் போய்ச் சேர்ந்தார், பிள்ளைகள் எங்கே என்று சாலையோரத்திலேயே கணக்கெடுப்பு நடக்கும். கிராணியின் செக்ரோலில் செத்தவர்களுக்குப் பேர் கிடையாது. பாட்டியின் கணக்கில் உண்டு.

தோட்டத்தை எழுத வரும் நண்பர்கள் மேளத்தையும் பட்டாசையும் வர்ணிப்பதற்கு முன், அங்கே யார் பார்க்கிறார், யார் எண்ணப்படுகிறார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம்.